ஒரு மணிக்குப் பத்து நிமிசம்

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வச்சுக்கிடுங்க தம்பி. கீழ இருக்கது பேட்டரி. ஆசிட் ஒண்ணும் சிந்தாது, பயப்படாதிய, சாக்கு சுத்திக் கட்டிருக்கேன். அதுக்கு மேல இருக்க நீல டப்பா இன்வெர்ட்டர். மடியில இருக்கது கடிகாரம். ஓடுது பாத்தியளா? தூத்துக்குடில ஏறும்போதே ஓட விட்டுட்டேன்.

உங்க வாட்ச்ல மணி என்ன? எட்டு அம்பத்தி ரெண்டா? இங்கயும் எட்டு அம்பத்தி ரெண்டு. நல்லாப் பாத்துக்கிடுங்க, அப்புறமும் கேப்பேன். இது சரியா ஓடுறதுக்குப் பதினாலு மாசம் ஆச்சு தம்பி.

நான் கோவில்பட்டில இறங்கணும். வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வரப் போறேன். இருபத்தேழு நாளா அவ தம்பி வீட்டுல இருக்கா. சண்டையான்னு கேக்காதிய, சண்டை எல்லாம் கிடையாது. முப்பத்தி நாலு வருசத்துல எங்களுக்குள்ள சண்டையே வந்தது இல்ல. இருபத்தி ரெண்டு வருசம் நான் கப்பல்ல இருந்தேன்னு வைங்க. ஆனாலும் மிச்ச வருசம் இருக்குல்லா. எல்லாம் ஒரு பத்து சைக்கிளால வந்த வினை.

ஓட்டுற சைக்கிள் இல்ல. கரண்டு சைக்கிள். நம்ம ஊரு கரண்டு இருநூத்தி முப்பது வோல்ட்டு, ஐம்பது சைக்கிள். ஒரு செகண்டுக்கு ஐம்பது தடவை ஆடுதுன்னு அர்த்தம். அமெரிக்காக்காரன் கரண்டு நூத்திப் பத்து வோல்ட்டு, அறுபது தடவை ஆடும். நான் போன கப்பல் பூரா அறுபதுதான். நான் சேவியர் மச்சாது, சீஃப் குக். இருபத்தி ரெண்டு வருசம் அறுபது சைக்கிள்ல வாழ்ந்தவன். ரிட்டயராகி வீட்டுக்கு வந்து மொத நாள் காத்தாடிக்குக் கீழ படுத்தேன். அது என்னமோ யோசிச்சு யோசிச்சுச் சுத்துன மாதிரி இருந்துச்சு. ஜெசிந்தா, காத்தாடி ஏன் மெதுவா சுத்துதுன்னு கேட்டேன். எப்பவும் இப்படித்தான சுத்தும்னா. ஜெசிந்தாங்கது வீட்டுக்காரி.

வீடே மெதுவாத்தான் இருந்துச்சு தம்பி. கப்பல்ல பன்னெண்டு மணிக்குச் சாப்பாடுன்னா பன்னெண்டு மணிக்குத்தான். புயல் அடிச்சாலும் பன்னெண்டு. மணி அடிச்சேன்னா இருபத்தி ரெண்டு பேர் தட்டோட வந்து நிப்பான். வீட்டுல நானே சமைச்சு, பன்னெண்டுக்கு மணி அடிச்சா ஒருத்தரும் வரமாட்டாவ. இருக்கது இவ ஒருத்தி. துணி காயப் போட்டுட்டு வாரேம்பா. எனக்குக் கஷ்டமா இருக்கும். வெளிய சொல்லமாட்டேன். தட்டை மூடி வச்சிட்டு முழிச்சிட்டு இருப்பேன்.

அப்பதான் அந்தப் படகு வந்துச்சு. போன வருசம் தவக்காலம். ஒரு அமெரிக்காக்காரன், வயசானவரு, பாய்மரப் படகுல தனியாச் சுத்திட்டு வந்தவரு, நெஞ்சுவலின்னு நம்ம ஊருல இறங்கிட்டாரு. படகு இனிமே வேண்டாம்னு சொல்லிட்டு பிளேன்ல போயிட்டாரு. ஏஜெண்டு வின்சென்ட் எனக்குத் தெரிஞ்சவன். அண்ணே, படகுல இருக்க சாமான் எல்லாம் வெளிய போடுதேன், வந்து பாருங்கன்னான். போய்ப் பாத்தேன். பிரிட்ஜ், துணி துவைக்கிற மிஷின், காபி போடுற மிஷின், அடுப்படிச் சுவத்துல இந்தக் கடிகாரம். பித்தளை பாருங்க, துடைச்சா மொகம் தெரியும். கப்பல் அடுப்படில என் தலைக்கு மேல இதே மாதிரி ஒண்ணுதான் இருந்துச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு தம்பி. எல்லாத்தையும் தூக்குடான்னேன்.

வின்சென்ட் சொன்னான், அண்ணே இந்த நீல டப்பாவையும் எடுத்துக்கிடுங்க, பேட்டரில இருந்து கரண்டு பண்றது, இதுலதான் எல்லாம் ஓடிட்டு இருந்துச்சுன்னு. நான் சிரிச்சேன். நடுக்கடல்ல கரண்டு கம்பம் கிடையாது, அவருக்கு டப்பா வேணும். எங்க வீட்டு வாசல்லயே கம்பம் நிக்கு, எனக்கு எதுக்குடான்னேன். அதை ஒரு மைக் செட்காரன் எடுத்துட்டுப் போயிட்டான். யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லிருப்பாவ. நீங்க சொல்லிருக்க மாட்டியளா?

காபி மிஷினை மொதல்ல மாட்டுனேன். நேரா நம்ம பிளக்குல. ஒரு சத்தம், ஒரு புகை, அடுப்படி பூரா ரப்பர் வாடை. ஜெசிந்தா வந்தா. ஜன்னலைத் திறந்து விட்டுட்டு, டம்ளர்ல காபி ஆத்திக் கொண்டாந்து வச்சா.

அப்புறம் இசக்கிதுரையைக் கூப்பிட்டேன். எங்க தெரு எலெக்ட்ரீசியன். அவன் ஒரு டிரான்ஸ்பார்மர் செஞ்சு கொண்டாந்தான், இருநூத்தி முப்பதை நூத்திப் பத்தாக் குறைக்கும். தூக்க ரெண்டு ஆளு வேணும். சேசுவோட திருஇருதயப் படத்துக்குக் கீழ இறக்கி வச்சோம். அங்கதான் இடம் இருந்துச்சு. அவன் அன்னைக்கே சொன்னான்: "அண்ணாச்சி, இது வோல்ட்டைத்தான் குறைக்கும். சைக்கிளை ஒண்ணும் பண்ணாது. மோட்டார் வச்ச சாமான் எல்லாம் மெதுவாத்தான் ஓடும், சூடாவும். பேசாம இதைக் கைமாத்தி விட்டுட்டு நம்ம ஊரு பிரிட்ஜ் ஒண்ணு வாங்கிப் போடுங்க." சொன்ன விதம் எனக்குப் பிடிக்கல. ஏலே, நான் எத்தனை கப்பல் பாத்தவன் தெரியுமான்னு கேட்டேன். தெரியும் அண்ணாச்சி, நீங்க சோறு பொங்குனவருன்னான். அந்தப் பய அப்படித்தான் பேசுவான்.

குறுக்குச்சாலை வந்துருச்சா? இங்க டீ நல்லா இருக்கும், ஆனா இறங்க முடியாது. வயரு மாட்டிருக்கேன்லா.

பிரிட்ஜ் ஓடுச்சு. ஓடாமலா? கொஞ்சம் உறுமும். துவைக்கிற மிஷின் சுத்தும், பிழியாது. துணியில தண்ணி சொட்டச் சொட்ட ஜெசிந்தா திரும்ப ஒருக்கா கையால பிழிஞ்சு போடுவா. கைக்கு நல்ல பயிற்சின்னு சொல்லுவேன். டிரான்ஸ்பார்மர் பகல் ராத்திரி கிடையாது, ம்ம்ம்னு ஒரே சுதில பாடும். எனக்கு அது தாலாட்டு. இருபத்தி ரெண்டு வருசம் இஞ்சின் சத்தத்துலதான தூங்குனேன். மக மெரில்டா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தா. அவளுக்கு அது ஒத்துக்கிடல. தலைக்குள்ளேயே வண்டு சுத்துதுன்னா. பதினோரு நாள்ல நாகர்கோவிலுக்கு மாமியார் வீட்டுக்குத் திரும்பிப் போயி, பேரன் அங்கேயே பிறந்தான். என்ன செய்ய, ஐம்பது சைக்கிள்ல வளந்த பிள்ளை. ஜெசிந்தா அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. வயிறு சரியில்லைன்னா.

இப்ப கடிகாரத்துக்கு வாரேன். இது கரண்டு ஆடுறதை எண்ணி எண்ணி ஓடுற கடிகாரம். அறுபது ஆடுனா ஒரு செகண்டுன்னு அதுக்குச் சொல்லி வச்சிருக்கு. நம்ம கரண்டு ஐம்பதுதான் ஆடுது. அது பாவம், இன்னும் பத்து வரணுமேன்னு காத்துக் கிடக்கும். அதனால ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிசம் பின்னால போயிரும். கடிகாரத்து மேல தப்பே கிடையாது. அதைப் புரிஞ்சுக்கிடணும்.

கழட்டி வச்சிருங்கன்னு அவ சொன்னா. செல்லு போட்டு ஓடுற கடிகாரம் ஒண்ணு ஹால்ல இருந்துச்சு, அது போதும்னா. நான் அதைக் கழட்டி அலமாரிக்குள்ள வச்சேன். ஒரு கப்பல்ல ரெண்டு நேரம் இருக்கக் கூடாது தம்பி. இருந்தா கப்பல் கெட்டுது. கப்பல் கிழக்க போகும்போது கடிகாரத்தைத் தள்ளி வைப்போம். இன்னைக்கு அரை மணி, நாளைக்கு அரை மணின்னு கேப்டன் போர்டுல எழுதிப் போட்டுருவாரு, எல்லாரும் தள்ளிக்கிடுவோம். எவனாவது முணுமுணுப்பானா? அதே மாதிரிதான் வீட்டுலயும். ஒரு மணிக்கு ஒருக்கா பத்து நிமிசம் முன்னால தள்ளணும். அவ்வளவுதான் வேலை. பிரிட்ஜ் கதவுல எழுதி ஒட்டுனேன். பகல் வாட்ச் ஜெசிந்தா, ராத்திரி வாட்ச் நான். கப்பல்ல காவல் முறையை வாட்ச்னுதான் சொல்லுவோம்.

ராத்திரில நான் தூங்கிருவேன்னு வைங்க. காலைல எந்திரிச்சு அவ மொத்தமாத் தள்ளிருவா.

கஷ்டமான்னா, என்ன கஷ்டம் இதுல? வீட்டுலதான இருக்கா. மார்க்கெட்டுக்குப் போனா ஒரு மணிக்குள்ள வந்துரணும். கோயில்ல பூசை முடிய ஒரு மணி நேரம்தான், பிரசங்கம் நீண்டுட்டா பாதில எந்திரிச்சு வந்துருவா. பங்குச்சாமி என்கிட்டயே கேட்டாரு, அம்மா ஏன் நன்மை அப்பம் வாங்காம ஓடுதாங்கன்னு. வாட்ச் இருக்கு சாமின்னேன். அவ மறந்தாலும் நான் ஒரு நாளும் திட்டுனது கிடையாது. லாக் புக் ஒண்ணு வச்சிருக்கேன், அதுல எழுதிருவேன். 'பதினோரு மணி தள்ளப்படவில்லை'ன்னு. அவ்வளவுதான். கையெழுத்து போடச் சொல்லுவேன், அவளும் போட்டுருவா. சண்டையே கிடையாது.

சரி, நடந்ததைச் சொல்லுதேன். மருமகனுக்குக் குவைத்துல வேலை. மெரில்டாவையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போறாரு. போனா ரெண்டு வருசம் கழிச்சுத்தான் வருவாவ. வீட்டுக்கு வந்துட்டுப் போங்கன்னு கூப்பிட்டோம், நேரம் இல்லைன்னுட்டாவ. நாகர்கோவில்ல இருந்து சென்னைக்கு ரயில்ல போறோம், மணியாச்சில அஞ்சு நாப்பதுக்கு வரும், ரெண்டு நிமிசம் நிக்கும், அங்க வந்து பிள்ளையைப் பாத்துக்கிடுங்கம்மான்னு மெரில்டா சொன்னா.

அந்த ரெண்டு நிமிசத்துக்கு ஜெசிந்தா நாலு நாளா வேலை பாத்தா தம்பி. சீலா மீன் ஊறுகாய் போட்டா. பேரனுக்குக் கஞ்சி மாவு வறுத்து அரைச்சா. மஞ்சள் நூல்ல ஒரு தொப்பி பின்னுனா. குவைத்துல எதுக்குடி தொப்பி, வெயில் கொளுத்தும்னேன். ஏசில இருப்பான்லான்னா. யோசிச்சுத்தான் பின்னிருக்கா.

அன்னைக்குத் தலைக்கு மேல வேலை அவளுக்கு. நான் பாத்தேன். பாவமா இருந்துச்சு. ரெண்டு மணிக்குச் சொன்னேன், ஜெசிந்தா, நீ பொட்டலம் கட்டுற வேலையைப் பாரு, உன் வாட்சை நான் எடுத்துக்கிடுதேன். அவ என்னை ஒரு பார்வை பாத்தா. மூணு மணிக்குத் தள்ளணும், நாலு மணிக்குத் தள்ளணும், மறந்துராதியன்னா. எனக்கே சொல்லித் தாரா பாருங்க. சேரை இழுத்துப் போட்டு கடிகாரத்துக்கு நேரா உக்காந்தேன்.

நான் தூங்கல தம்பி. அதை மொதல்ல சொல்லிருதேன். கண்ணை மூடிட்டு இருந்தேன். டிரான்ஸ்பார்மர் சத்தம் சுகமா இருந்துச்சு. கண்ணைத் திறந்தா நாலரை. நாலரைக்குக் கார் சொல்லி வச்சிருந்தோம். முக்கா மணி நேரம் ஓட்டம், அஞ்சேகாலுக்கு மணியாச்சி, இருபத்தஞ்சு நிமிசம் கையில இருக்கும். எல்லாம் சரியாப் போட்ட கணக்கு. வாசல்ல கார்க்காரன் ஆரன் அடிச்சிட்டே இருக்கான். ஜெசிந்தா ஓடி வாரா. போனைக் காட்டி, இதுல அஞ்சு மணின்னு காட்டுதே, கார்க்காரர் அரை மணி நேரமா நிக்காராம்லாங்கா. நான் சொன்னேன், போனு டவர்ல இருந்து நேரத்தை வாங்குது, அதுக்கு என்ன தெரியும், வீட்டுல ஒரு நேரம்தான்னு. இருங்க, கதவைப் பூட்டுதேன்னு நிதானமாப் பூட்டுனேன். கப்பல்காரன் பதறக் கூடாது.

உங்க வாட்ச்ல இப்ப என்ன மணி? ஒம்பது நாப்பத்தி ஒண்ணு. இங்கயும் ஒம்பது நாப்பத்தி ஒண்ணு. அன்னைக்கு இது இப்படி ஓடிருந்தா ஒரு பிரச்சனையும் இல்ல.

நாங்க ஸ்டேஷனுக்குள்ள போகும்போது அஞ்சு நாப்பத்தஞ்சு. ஜெசிந்தா கார்ல இருந்து பையோட இறங்கி ஓடுனா. அவ ஓடி நான் பாத்ததே இல்ல. முழங்கால் வலிக்காரி. நான் பின்னால போறேன். பிளாட்பாரத்துல கடைசிப் பெட்டி போயிட்டு இருக்கு. முன்னால ஒரு பெட்டி வாசல்ல மெரில்டா பிள்ளையைத் தூக்கிக் காட்டுதா. நம்ம கண்ணுக்கு ஒரு வெள்ளைத் துணி மாதிரிதான் தெரிஞ்சுது. இவ தொப்பியைக் கையில எடுத்து ஆட்டிக்கிட்டே ஓடுதா. பிளாட்பாரம் முடியுற இடம் வரைக்கும் ஓடுனா.

நான் பக்கத்துல போயி, அடுத்த வருசம் லீவுக்கு வருவாவளா இருக்கும்னேன். அவ அழல. தொப்பியை நாலா மடிச்சா. அப்புறம் என்னைப் பாத்து, "நீங்க இன்னும் கப்பல்லதான் இருக்கிய. இறங்குனதும் சொல்லி விடுங்க, வாரேன்"னா. நான் ரிட்டயராகி நாலு வருசம் ஆச்சு, இவ என்ன பேசுதான்னு எனக்குப் புரியல. கொஞ்ச நேரத்துல மதுரை பாசஞ்சர் வந்துச்சு. ஊறுகாய் பாட்டிலை என் கையில குடுத்துட்டு, தொப்பியைப் பையில வச்சிட்டு, ஏறிட்டா. கோவில்பட்டில தம்பி வீடு. சரி, அலைச்சல், ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டும்னு விட்டுட்டேன்.

ரெண்டு நாள் இருபத்தேழு ஆயிருச்சு. நான் சும்மா இருப்பேனா? உக்காந்து யோசிச்சேன். எதனால இவ போனா? நேரம் பிந்துனதால. எதனால பிந்துச்சு? பத்து சைக்கிள் குறைஞ்சதால. அப்ப அந்தப் பத்து சைக்கிளைக் கொண்டாந்துட்டா தீந்துருச்சுல்லா. வின்சென்ட் சொன்ன நீல டப்பா ஞாபகம் வந்துச்சு. மைக் செட்காரனைத் தேடிப் புன்னக்காயல் வரைக்கும் போனேன். அவன் அதுல சீரியல் பல்பு போட்டுப் பாத்து, பல்பு எல்லாம் சாகப் போற மாதிரி எரிஞ்சிருக்கு, அது அமெரிக்கா கரண்டுல்லா. கடுப்புல ஆட்டுக்கொட்டகைல போட்டு வச்சிருந்தான். கேட்ட உடனே தூக்கிக் குடுத்துட்டான். பேட்டரியைப் பூட்டி, இதை மாட்டி, கடிகாரத்தைச் சொருகுனேன். மூணு நாளா ஒரு நிமிசம் பின்னால போகல தம்பி. மூணு நாளும் எதிர்லயே உக்காந்து பாத்தேன். தனியா இருக்க வீட்டுல அதுதான் பேச்சுத்துணை. சோறு ஒரு ஆளுக்குப் பொங்கத் தெரியல எனக்கு. அளவு கூடிக் கூடிப் போகுது. மத்தியானம் பன்னெண்டுக்கு மணி அடிப்பேன், அடிச்சிட்டு நானே போய் உக்காருவேன்.

நேத்து மச்சினன் இஞ்ஞாசிக்குப் போன் போட்டேன். வாரேன்னு சொன்னேன். அவன் உள்ள போயிக் கேட்டுட்டு வந்து சொன்னான்: "அத்தான், அக்கா துணிமணி எல்லாம் எடுத்து வச்சிட்டா. காலைல பத்தேகாலுக்கு பஸ் ஸ்டாண்டுல நிக்கேங்கா. உங்க கூட வாரேங்கா. நீங்க கையை வீசிட்டு வரணுமாம். அந்தக் கடிகாரத்தை மட்டும் கொண்டாந்துராதிய அத்தான். ரெண்டு தடவை சொல்லச் சொன்னா."

எனக்கு இடுப்பு வலி இருக்கு. வெயிட் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது அவளுக்குத் தெரியும். கோவத்துலயும் அந்தக் கரிசனம் பாருங்க. அதைக் கேட்டதும் கடிகாரத்தை இன்னொரு தடவை துடைச்சு வச்சேன். இவ்வளவு நினைக்கிறவளுக்கு இதைச் சும்மா வாயால சொன்னா நல்லா இருக்குமா? கண்ணால பாக்கணும்லா. பஸ் ஸ்டாண்டுலயே ஓட்டிக் காட்டப் போறேன். இனிமே உனக்குத் தள்ளுற வேலை இல்ல ஜெசிந்தா, வாட்ச் முடிஞ்சுதுன்னு சொல்லப் போறேன். நேத்துல இருந்து இதைத்தான் சொல்லிப் பாத்துட்டு இருக்கேன்.

என்ன சொல்லுதிய? இங்கேயே சீட்டுல வச்சிட்டு இறங்கணுமா? நீங்க ராஜபாளையம் போறியளா, திரும்பும்போது கொண்டாந்து தாரியளா. நல்ல மனுசன் தம்பி நீங்க. இடுப்பு வலின்னு சொன்னதும் பாவம் பாக்கிய. அதெல்லாம் வேண்டாம், இவ்வளவு தூரம் தூக்கிட்டேன், இன்னும் பத்தடிதான. மறுபடியும் என்ன? அவ சொன்னதைக் கேக்கலாம்லாவா? கேக்காமலா இவ்வளவு பாடு படுதேன்?

எட்டயபுரம் எப்பவோ தாண்டிட்டோமா? அப்ப வந்துருச்சு. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுதான இது. பேட்டரியை அந்தப் பக்கமாப் பிடிங்க. கண்டக்டர், ஒரு நிமிசம்பா, விசில் அடிச்சிராத. சாமான் இருக்கு.

அந்தா நிக்கா பாருங்க. தண்ணி டேங்குக்குப் பக்கத்துல, நீலச் சேலை. கையில பெரிய பை. நான் சொன்னேன்லா வருவான்னு. மெலிஞ்சிருக்கா. நான் இறங்குதேன், நீங்க ஜன்னல் வழியா ஒண்ணொண்ணாக் குடுங்க. மொதல்ல பேட்டரி, பதறாம. இப்ப டப்பா. வயரு இழுபடாமப் பாத்துக்கிடுங்க. கடிகாரத்தைக் குடுங்க, கடிகாரத்தைக் குடுங்க. ஜெசிந்தா! இங்க பாரு, ஓடுது!

பாத்துட்டா தம்பி. கடிகாரத்தைப் பாக்கா. என்னையும் பாக்கா.

என்னது, அந்தப் பக்கம் திரும்பிப் போறா? அது டவுன் பஸ்லா. எதையும் மறந்து வச்சிட்டு வந்துட்டாளோ? பை கையிலதான இருக்கு. ஜெசிந்தா, இங்க. என்னால இப்ப ஓட முடியாது தம்பி, இதைக் கீழ வச்சா வயரு கழண்டுரும். ஏறிட்டா. பஸ்ஸும் எடுத்துட்டான்.

உங்க பஸ்ஸும் கெளம்பிருச்சே. தம்பி, ஒண்ணே ஒண்ணு, உங்க வாட்ச்ல மணி என்ன? பத்து இருபத்தி மூணா? இங்க பாருங்க, இதுலயும் பத்து இருபத்தி மூணுதான். ஒரு நிமிசம் வித்தியாசம் கிடையாது.